பெயர் கொடுக்க வேண்டாம்

வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நான்காம் வகுப்பு எடுக்கும் உங்கள் மனைவியிடம், துப்பாக்கி ஏந்த விருப்பமா என்று பள்ளி நிர்வாகம் கேட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால் பெயர் கொடுக்க வேண்டாம். 2022-இல் வந்த சட்டம் அதற்கு 24 மணி நேரப் பயிற்சியே போதும் என்கிறது. முன்பு 700 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. அதே ஆண்டு டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டியில், ஒரு தொடக்கப்பள்ளிக்குள் ஒருவன் புகுந்து சுட்டபோது 376 காவலர்கள் திரண்டும், கொலையாளியை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். காவலர்களே தயங்கி நின்ற இடத்தில் உங்கள் மனைவி என்ன செய்வார்? பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும் வகுப்பு அது. அங்கே தோட்டா நிரப்பிய துப்பாக்கியா? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வகுப்பறைக் கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். யுவால்டியில் ஒரு வகுப்பறையின் பூட்டு பழுது என்பது முன்பே தெரிந்திருந்தது.