கத்திக்குத்துக்குப் பிறகு சல்மான் ருஷ்டியால் மறுபடி எழுத முடிந்தது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியர் ருஷ்டி என்றதும் எல்லோரும் அவர் இழந்த வலது கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் அவருடைய கையைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பத்திர எழுத்தர். எங்கள் ஊரில் ரைட்டர் என்று கூப்பிட்டால் நாங்கள்தான் திரும்பிப் பார்ப்போம். 2019-ல் ஒரு பாகப்பிரிவினையில் தன் பங்கை நான் குறைத்து எழுதிவிட்டதாக நினைத்த ஒருவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்மேல் கொடுவாளை வீசினார். வலது கையைத் தூக்கித் தடுத்தேன். உள்ளங்கை பிளந்துவிட்டது. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் போனதுதான் அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது.

ருஷ்டியும் கையைத்தான் தூக்கினார், இடது கையை. 2022 ஆகஸ்ட் 12, நியூயார்க் மாநிலத்தில் ஷட்டாக்குவா என்ற ஊர். ஆபத்திலிருக்கும் எழுத்தாளர்களுக்கு அடைக்கலம் தருவதைப் பற்றிப் பேச மேடையேறியிருந்தார். வயது 75. தாக்குதல் நீடித்தது 27 நொடிகள். கழுத்து, மார்பு, கண் எல்லாம் காயம். இடது கையில் விரல்களை இழுக்கும் தசைநாண்களும் பெரும்பாலான நரம்புகளும் அறுந்துவிட்டன.

நாம் இரண்டையுமே நரம்பு என்றுதான் சொல்வோம், ஆனால் வேலை வேறு வேறு. தசைநாண் விரலை மடக்கும். நரம்பு உணர்ச்சியைத் தரும். தைத்த தசைநாணை அசைக்காமலே விட்டால் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். நரம்பு வளர்வதோ ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான். பிசியோதெரபி பெண் இதைச் சொன்னபோது உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை மனதில் அளந்து பார்த்து அழுதேன்.

அப்புறம் மாதக்கணக்கில் எனக்கு வேலை புளியங்கொட்டைதான். அம்மா ஒரு கிண்ணத்தில் கொட்டி வைப்பார். ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். அது முடிந்தால் மாவு பிசைய வேண்டும். களியை உருட்டி வாயில் போடத் தெரிந்த நாளை வீடே கொண்டாடியது.

எகிப்து எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸுக்கும் இதுதான் நடந்தது. நோபல் பரிசு வாங்கியவர், 1994-ல் 82 வயதில் கெய்ரோவில் கழுத்தில் குத்தப்பட்டு எழுதும் கை செயலிழந்தது. பள்ளிப்பிள்ளை போல நோட்டில் எழுதிப் பழகினார். ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான் முடிந்தது. அதனால் கனவுகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதினார். கை எவ்வளவு அனுமதித்ததோ அந்த அளவில் அவர் எழுத்து அமைந்தது. எனக்கு இது ருஷ்டியின் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

சரி, ருஷ்டிக்கு வருகிறேன். ஈரி நகர மருத்துவமனையில் 18 நாள், பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வுச் சிகிச்சை. 2023 பிப்ரவரியில் கொடுத்த பேட்டியில், சில விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லாததால் தட்டச்சு செய்வது கஷ்டம் என்றார். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை, வருவதையும் மறுநாள் அழித்துவிடுகிறேன் என்ற பொருளிலும் பேசினார். கை தேறினாலும் மனம் தேறப் பின்னும் நாளாகும் என்பது எனக்குத் தெரியும். முதல் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதும்போதே என் கை நடுங்கி நின்றுவிட்டது.

நடந்ததை எழுதாமல் வேறு எதையும் எழுத முடியாது என்று அவருக்குப் புரிந்ததுதான் திருப்பம் என்று நினைக்கிறேன். 2024 ஏப்ரலில், அந்தத் தாக்குதலைப் பற்றி அவர் எழுதிய 'நைஃப்' (கத்தி) வந்தது. அதற்குப் பிறகுதான் புதிய கதைகள் எழுதி, 2025 நவம்பரில் தொகுப்பாக வெளியிட்டார். 'நைஃப்' நூலில் தாக்கியவனின் பெயரே கிடையாது, ஓர் எழுத்து மட்டும்தான். எனக்கு அது பிடித்தது. என்னை வெட்டியவர் பெயரை நானும் எழுதப் போவதில்லை. அவர் பிள்ளைகள் இதே ஊரில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வரும் ஞாயிறுகளில் அந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக்காட்டினாள். 13 மாதம் கழித்து ருஷ்டி மனைவியோடு அதே மேடைக்குப் போய், தான் விழுந்த இடத்தில் நின்றார் என்ற பகுதி வந்தபோது நிறுத்தச் சொன்னேன். நான் அதுவரை பின்தெரு வழியாகத்தான் பதிவு அலுவலகம் போய்க்கொண்டிருந்தேன், ஐந்து வருடமாக.

அந்த வாரமே டீக்கடைக்குப் போனேன். "வாங்க ரைட்டரே" என்றதோடு சரி, கடைக்காரர் வேறு எதுவும் கேட்கவில்லை. டம்ளரை வலது கையால் வாங்கினேன். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் சூடு தெரியவில்லை. மற்ற மூன்றுக்கும் தெரிந்தது.