சிவனொளிபாத மலைக்கு ஒரு நாள்: கேட்டவையும் சொன்னவையும்

இலங்கையின் சிவனொளிபாத மலையில் ஏறிவிட்டு, அன்றைக்கே சுற்றுவட்டாரத்தையும் பார்க்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பல தடவை ஏறி இறங்கியவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

அண்ணா, எந்த மாதம் வரலாம்?

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். அப்போது படி நெடுக விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகளும் திறந்திருக்கும். பௌர்ணமி நாட்களும் வார இறுதியும் மட்டும் வேண்டாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரிசை அசையாமல் நின்றுவிடும், நீங்கள் படியில் நிற்கும்போதே விடிந்துவிடும்.

எந்தப் பாதை சுலபம்?

ஹட்டன் பாதைதான். கொழும்பிலிருந்து ரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ்ஸில் மஸ்கெலியா வழியாக மலையடிவார ஊரான நல்லதண்ணி. அங்கிருந்து சுமார் 5,500 படிகள். மலையின் உயரம் 2,243 மீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், நல்லதண்ணியே நல்ல உயரத்தில் இருக்கிறது. நீங்கள் ஏறப்போவது ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். இரத்தினபுரிப் பாதை நீளமும் அதிகம், சிரமமும் அதிகம். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

நான் ஓட்டப் பயிற்சி செய்கிறவன். இரவு 12 மணிக்கே கிளம்பிவிடவா?

வேண்டாம் தம்பி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் வேகம் காட்டினேன். மூன்றரை மணிக்கே உச்சியில் இருந்தேன். வியர்வையில் நனைந்த சட்டை, மேலே சுழன்றடிக்கும் காற்று. விடியும்வரை பல் கிட்டிப்போய், சுவரோரம் குந்திக்கொண்டிருந்தேன். சூரியன் வந்தபோது பார்க்கிற தெம்பே இல்லை. இரண்டு மணிக்குக் கிளம்புங்கள், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். ஒரு மாற்றுச் சட்டையும் கம்பளிக் குல்லாவும் பையில் இருக்கட்டும். உச்சிக்குப் போனதும் முதல் வேலை சட்டை மாற்றுவது, படமெடுப்பது அப்புறம்.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு. கூட்டிவரலாமா?

அவரைவிட வயதான பாட்டிமார் வெறுங்காலோடு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஏறுவது மூச்சைத்தான் வாங்கும், முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். படிகள் ஒரே உயரத்தில் இல்லை, கடைசிப் பகுதி செங்குத்து. ஊன்ற ஒரு கம்பு கொடுங்கள், கைப்பிடிக் கம்பி இருக்கும் இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கச் சொல்லுங்கள். வலி இப்போதே தொந்தரவாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பாதி வழியில் திரும்புவதிலும் குறையொன்றும் இல்லை.

மலையின் நிழல் முக்கோணமாக விழுமாமே, உண்மையா?

உண்மை, ஆனால் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். எல்லோரும் கிழக்கே பார்த்துக் கைபேசியை நீட்டிக்கொண்டிருப்பார்கள். சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் ஓடிப்போங்கள். கீழே பனிமூட்டத்தின் மேல், கத்தரித்து ஒட்டியதுபோல் நீல முக்கோணம் தெரியும். மலை கூம்பாக இருப்பதால் மட்டும் அல்ல, நீண்ட நிழல் தூரம் போகப்போகக் கண்ணுக்கு ஒடுங்கித் தெரிவதாலும் அந்த வடிவம் வருகிறது, நேரான தண்டவாளம் தூரத்தில் கூடுவதுபோல. சூரியன் ஏற ஏற அது குறுகி மறைந்துவிடும்.

நாங்கள் முஸ்லிம்கள். மேலே போகலாமா?

தாராளமாக. உச்சியில் உள்ள பாதச்சுவடு பௌத்தர்களுக்குப் புத்தருடையது, இந்துக்களுக்குச் சிவனுடையது, முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்பார்கள். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதாவே 14ஆம் நூற்றாண்டில் இங்கே ஏறியிருக்கிறார். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும், தரை பனிக்கட்டிபோல் இருக்கும். காலுறை கொண்டுவாருங்கள்.

ஜூலையில்தான் விடுமுறை, என்ன செய்வது?

மழை, காற்று, இருட்டு, அட்டை. ஏற முடியாது என்றில்லை, ஆனால் டார்ச் கட்டாயம், தனியாகப் போகாதீர்கள். அட்டை கடித்தால் தீ வைக்காதீர்கள். அதன் வாய்ப்பக்கம் நகத்தால் மெல்ல நெம்பினால் விழுந்துவிடும்.

இறங்கிய பிறகு என்னென்ன பார்க்கலாம்?

முதலில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். பிறகு மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் போதும். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது, நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும். கால் ஒத்துழைத்தால் தலவாக்கலைப் பக்கம் டெவோன், சென் கிளயர் அருவிகள். இரண்டையும் ரோட்டில் நின்றபடியே பார்க்கலாம், படி ஏற வேண்டியதில்லை! நுவரெலியாவையும் அன்றைக்கே சேர்த்தால் வேனில் குறட்டைதான் மிஞ்சும்.

உச்சியில் மணி அடிக்கிறார்களே, எத்தனை அடி?

எத்தனை தடவை ஏறினீர்களோ அத்தனை. நீங்கள் ஒன்றே ஒன்று அடிக்கலாம். பக்கத்தில் நிற்கும் பெரியவர் அடித்து முடிக்கும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.