இன்ஜின் போச்சு என்றார்கள், பிடித்துக்கொண்டிருந்தது பிரேக்

பழைய பைக்கின் மைலேஜ் மிகவும் குறைந்துவிட்டது, எப்படி அளப்பது, எப்படிக் கூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடமும் யாராவது "இன்ஜின் போச்சு, வண்டியை மாத்திடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். அளந்து பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.

என்னுடையது 2005 தீபாவளிக்கு வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். தாராபுரத்தில் எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். ட்ரில் மெஷின், வயர் சுருள் என்று பதினைந்து கிலோ பை எப்போதும் பின்னால் இருக்கும். போன வருடம் பெட்ரோல் செலவு திடீரென்று ஏறியது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். அங்கிருந்த மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும், ஏழாயிரம் ஆகும்" என்றார். போர் என்றால் தேய்ந்துபோன சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. அப்படித் தேய்ந்திருந்தால் வரும் புகையும் இல்லை, ஆயிலும் குறையவில்லை. பிறகு எதற்குப் போர்? மெக்கானிக்குகள் எல்லோரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இத்தனை வருடம் இந்த வண்டியை ஓட வைத்ததும் மெக்கானிக்குகள்தான்.

நானே அளந்தேன். ரிசர்வ் வந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வ் வரும்வரை ஓட்டிப் பார்ப்பதில் பிழை அதிகம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டேங்க் வாயில் ஒரு குறிப்பிட்ட மட்டம்வரை நிரப்புங்கள். மீட்டரைக் குறித்துக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே பெட்ரோல் பங்கில், அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் போதும். எனக்கு 312 கிலோமீட்டருக்கு 7.6 லிட்டர், அதாவது லிட்டருக்கு 41 கிலோமீட்டர். மீட்டரையும் நம்பவில்லை. சாலையோரக் கல்லைப் பார்த்து 20 கிலோமீட்டர் போனேன், அது 21 காட்டியது. ஆக உண்மையில் 39.

அப்புறம் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக்கை மிதிக்காதபோதும் பிரேக் ஷூ சக்கரத்தின் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக் ராடை லூஸ் செய்து, டயருக்குச் சரியான காற்றும் அடித்தேன். அடுத்த முறை 301 கிலோமீட்டருக்கு 6.1 லிட்டர், மீட்டர் கணக்கில் 49. பிளக்கைக் கழற்றினால் கரி படிந்து கறுப்பாக இருந்தது, ஏர் ஃபில்டர் முழுக்க மண். இரண்டையும் மாற்றிய பிறகு 286 கிலோமீட்டருக்கு 5.1 லிட்டர், அதாவது 56. மீட்டர் பிழையைக் கழித்தாலும் 53. மொத்தச் செலவு ஐந்நூறைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது வேலை செய்தது என்றே தெரிந்திருக்காது.

எங்கள் ஊரில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலைப் பக்கம் போனால் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்கணும், திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். அதனால் போகவும் வரவும் சேர்த்தே அளக்கணும்.

எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலால்தான் என்று சிலர் சொல்வார்கள். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பது உண்மைதான். ஆனால் வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீத எத்தனாலுக்கு டியூன் செய்த டூவீலரில் 20 சதவீதக் கலப்பால் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்றுதான் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை சொன்னது. 55 கொடுக்கும் வண்டிக்கு அது இரண்டு கிலோமீட்டர். என் வண்டியில் காணாமல் போனது அதைவிட எவ்வளவோ அதிகம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. 2020-ல் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 300 ரூபாய். 2022-ல் அதை ஆயிரமாக்கினார்கள். இப்போது 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2,000. புகையில்லாமல், 53 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கும் அதே 2,000தான். வண்டியின் நிலையைப் பார்த்துக் கட்டணம் வைக்கக் கூடாதா? புது வண்டி வாங்க வசதியில்லாதவன்தானே பழையதைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இன்று சாயங்காலமே சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கியரில் இருந்தால் இன்ஜினும் சேர்ந்து இழுக்கும், அதனால் நியூட்ரலில் வைத்துச் சுற்றணும். அப்போதும் செயின் இழுவை கொஞ்சம் இருக்கும்.