திராட்சைச் சக்கையில் முதல் செலவு எதற்கு?

கேள்வி: நாசிக் மாவட்டம் திண்டோரியில் நண்பர்களுடன் சேர்ந்து, ஆண்டுக்கு 100 டன் திராட்சை பிழியும் சிறிய ஒயின் ஆலை நடத்துகிறேன். சக்கையைக் கொட்ட இடமில்லை. விதையிலிருந்து எண்ணெய் எடுக்க எந்திரம் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் ஒரு நல்ல உலர்களம் அமைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சையின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் சக்கையாக மிஞ்சும். அதில் பாதிக்கு மேல் ஈரம். உலர்ந்தபின் உங்களுக்கு நிற்கும் எட்டு டன் அளவில் பாதி விதை என்று கொண்டாலும், விதையில் உள்ள எண்ணெய் 10 முதல் 15 சதவீதமே. செக்கில் அதுவும் முழுதாக இறங்காது. சில நூறு கிலோ எண்ணெய்க்காக, ஆண்டில் சில வாரங்களே ஓடும் எந்திரத்தில் பணத்தைப் போடுவதைவிட, விதையை உலர்த்திச் சலித்து எண்ணெய் ஆலைக்கு விற்பதே உங்கள் அளவுக்குப் பொருந்தும்.

நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பது உங்களுக்குப் பெரிய வாய்ப்பு. இலையுதிர்காலக் குளிரில் அறுவடை செய்யும் ஐரோப்பிய ஆலைகள் எரிபொருள் செலவழித்து உலர்த்துவதை, நீங்கள் வெயிலிலேயே பெருமளவு முடித்துவிடலாம். ஆனால் பிழிந்த அன்றே மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்த சக்கை ஓரிரு நாளில் சூடேறிப் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும், அதன்பின் அது உணவுக்கு உதவாது. வெள்ளை ஒயின் சக்கை நொதிக்குமுன் பிழியப்படுவதால் அதில் சர்க்கரை மிஞ்சியிருக்கும். சிவப்புச் சக்கை நொதித்தபின் வருவது. ஆகவே இரண்டையும் கலக்காதீர்கள்.

உலர்ந்த சிவப்புத் தோலை மாவாக்கினால், நார்ச்சத்தும் நிறமும் உள்ள அந்த மாவை ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் சிறிதளவு சேர்க்கலாம். இத்தாலியர் 1879 முதலே இத்தோலிலிருந்து உணவு நிறமியை எடுத்து விற்றுவருகின்றனர். மாவை விற்பதற்குமுன் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பூச்சிக்கொல்லி எச்சப் பரிசோதனையும் கட்டாயம் என்றே கொள்ளுங்கள். சக்கையைக் காய்ச்சி வடித்து மதுவாக்கும் எண்ணம் இருந்தால், ஆயத்தீர்வைத் துறையின் தனி அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது.

பலர் கவனிக்காமல் கழுவிவிடும் பொருள் ஒன்று உண்டு. ஒயினைக் குளிர்வித்த தொட்டிகளின் சுவரில் படியும் படிகங்கள், பேக்கரிகளில் பயன்படும் டார்டர் உப்பே. அது 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 6 கிராமே கரையும், கொதிநீரில் சுமார் 60 கிராம் கரையும் என்பதால், கொதிநீரில் கரைத்து வடிகட்டி ஆறவிட்டால் பெரும்பகுதி தூய்மையாகத் திரும்பக் கிடைக்கும். சுரண்டியெடுத்துத் தனியே சேமியுங்கள்.

தீவனமாகக் கொடுக்க அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். தோட்டத்தில் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தெளித்திருந்தால் தோலில் தாமிரம் தங்கியிருக்கும். தாமிரத்தைத் தாங்காத செம்மறியாடுகளுக்கு, பரிசோதிக்காமல் ஒரு கூடைகூடக் கொடுக்காதீர்கள். பூசணம் பிடித்ததையும் காம்பையும் சாணத்துடன் கலந்து மட்க வைத்து, புளிப்புத் தணியச் சிறிது சுண்ணாம்பு தூவி, பல மாதம் கழித்து அதே தோட்டத்துக்கு எருவாக இடலாம்.