இடி விழுந்தால் ஸ்விட்ச், பனி இறங்கினால் சர்வர்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி. ஆபீசுக்கும் கொழுந்து எடை போடும் ஷெட்டுக்கும் 70 மீட்டர், கேட்-6 நெட்வொர்க் கேபிள். கோடை மழை வந்தாலே, கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் போய்விடுகிறது. எந்த பிராண்ட் தாங்கும்?

எந்த பிராண்டும் தாங்காது. கேபிளை மாற்றுங்கள். 100 மீட்டருக்குள் என்பதால் கேட்-6 ஓடும், ஆனால் அது செம்பு. பக்கத்தில் மின்னல் இறங்கும்போது இரண்டு கட்டிடங்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்காது. அந்த வித்தியாசம் உங்கள் கேபிள் வழியாகத்தான் பாயும்.

குன்னூரில் ஒரு ஃபேக்டரிக்கு நானே இப்படிச் செம்பை இழுத்துக் கொடுத்தேன். ஒரு மே மாத மாலை, ஒரே இடி. ஸ்விட்ச் இரண்டும் போயின, சர்வரின் மதர்போர்டும் போயிற்று. ஸ்விட்சைத் திறந்தால், போர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சில்லு வெடித்து, பலகையெல்லாம் கரி. எடைக் கணக்கை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்ற மூன்று நாள் ஆயிற்று. அதன்பின் கட்டிடம் விட்டுக் கட்டிடம் செம்பு போடுவதில்லை.

சிங்கிள்-மோட் ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் போகும் கண்ணாடி இழைக் கேபிள் போடுங்கள், இரு முனையிலும் அந்த ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும் மீடியா கன்வெர்ட்டர். உள்ளே இரும்புத் தகடோ தூக்கிக் கட்டும் கம்பியோ இல்லாத ரகமாகக் கேளுங்கள். இரும்பு இருந்தால் மின்னலுக்குத் திரும்பவும் வழி திறந்துவிடும். வெளியே கம்பத்தில் கேமரா இருக்கிறதா? அதற்குத் தனி பிஓஈ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் கொடுப்பது) வைத்து, அதற்கும் மெயின் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் நடுவே ஃபைபர் கொடுங்கள். கரன்ட் லைன் வழியாக வரும் மின்னலுக்கு மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் (அதிக மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி), ஒழுங்கான எர்த். இவை இல்லாமல் ஃபைபர் மட்டும் போதாது.

உதகையில் விடுதி. லினக்ஸ் சர்வரில், டிஸ்க் இடத்தைச் சொல்லும் 'டிஎஃப்' (df) கட்டளை டிஸ்க் 100% நிரம்பியதாகக் காட்டுகிறது. ஃபைல்களின் அளவைச் சொல்லும் 'டியு' (du) போட்டுக் கூட்டினால் பாதிகூட இல்லை.

யாரோ பெரிய லாக் ஃபைலை (புரோகிராம் தன் நடப்பை எழுதிவைக்கும் ஃபைல்) அழித்திருக்கிறார்கள். பெயர் போய்விட்டது, ஆனால் புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருப்பதால் இடம் திரும்பவில்லை. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (lsof +L1) என்ற கட்டளையைக் கொடுங்கள், அப்படிப்பட்ட ஃபைல்கள் வரிசையாக வரும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், சர்வரை அணைக்க வேண்டியதில்லை. இனி ஓடுகிற லாக்கை அழிக்காமல் 'ட்ரன்கேட்' செய்யுங்கள், அதாவது ஃபைலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள்; பழைய லாக்குகளைத் தானே ஒதுக்கும் லாக்ரொட்டேட்டும் அமைத்துவிடுங்கள்.

குன்னூர் குளிருக்கு சர்வர் அறையில் ஏசி எதற்கு? ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா?

குளிர் பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வரும். சில மாதங்களில் ரேம் ஸ்லாட்டிலும் கனெக்டர்களிலும் பச்சைக் களிம்பு பூக்கும். ஜன்னலைச் சாத்தி, ஈரப்பதம் குறைக்கும் கருவி ஒன்று வையுங்கள். மழைக்காலத்தில் சனி, ஞாயிறு என்று சர்வரை அணைக்காதீர்கள். அதன் சொந்தச் சூடுதான் அதை உலர்வாக வைத்திருக்கிறது. குளிரில் வந்திறங்கிய புது சர்வரைப் பெட்டியோடு ஒரு ராத்திரி அறையிலேயே விட்டு, காலையில் இயக்குங்கள்.

கூடலூர். இரண்டு நிறுவனங்களின் இன்டர்நெட் இணைப்பு இருந்தும், ஆடிக் காற்றில் மரம் விழுந்து இரண்டும் ஒன்றாகப் போயின.

இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்திருக்கும். பில் இரண்டு, பாதை ஒன்று. லைன்மேனோடு சாலையில் ஒரு கிலோமீட்டர் நடந்து, கண்ணால் பாருங்கள். இரண்டாவதை சிம் ரவுட்டராக மாற்றுவது நல்லது. ரவுட்டர் எதை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து) லைன் மாற்றுகிறது என்றும் பாருங்கள். மோடத்தைப் பார்த்தால் ஏமாறும், மோடம் உயிரோடுதான் இருக்கும். கூகுளின் 8.8.8.8 போல வெளியே உள்ள முகவரியைக் கொடுங்கள்.

அருவங்காடு. தினமும் யுஎஸ்பி டிஸ்கில் பேக்அப் எடுக்கிறோம். போதுமா?

எப்போதும் செருகியே இருந்தால் போதாது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். இரண்டு டிஸ்க் வைத்து வாரம் ஒன்றாக மாற்றுங்கள், ஒன்று கோவையில் யார் வீட்டிலாவது இருக்கட்டும். இந்த வாரமே ஒரு பழைய பில்லை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று டிஸ்க் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.