வாசகர் கேள்வி பதில்: செனில் உதிர்வது ஏன்?

கேள்வி: சோஃபாவுக்கு செனில் விரிப்பு வாங்கினேன், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. சில தடவை துவைத்ததுமே பஞ்சு உதிர்ந்து அங்கங்கே வெறும் நூல் தெரிகிறது. நான் துவைத்தது தப்பா?
– வாசகி, திருச்சி

பதில்: எனக்கு நூல் மேல்தான் சந்தேகம். இரண்டு மெல்லிய நூல்களை முறுக்கும்போது நடுவில் குட்டிக் குட்டி இழைத்துண்டுகளைக் குறுக்கே கொடுத்து முறுக்கினால் அதுதான் செனில் நூல். துண்டுகளின் நுனி நாலாபுறமும் சிலிர்த்து நிற்பதால்தான் அவ்வளவு மென்மை, ஒரு பக்கமிருந்து பார்த்தால் நிறம் அடர்த்தியாகவும் மறுபக்கமிருந்து பார்த்தால் வெளிறியும் தெரிவதும் அதனால்தான். ஆனால் அந்தத் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது வெறும் முறுக்கு. அது தளர்ந்தால் உதிரத்தான் செய்யும். 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: உள்நூலோடு சீக்கிரம் உருகும் நைலானைச் சேர்த்து முறுக்கி, நூல் சிட்டங்களை நீராவியில் வைத்தால் நைலான் இளகித் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். எல்லாச் சரக்கிலும் இது இருக்காது, அதனால் அடுத்த முறை கடையிலேயே ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், கையோடு பஞ்சு வந்தால் வாங்காதீர்கள்.

இருப்பதை மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிரஷ், துவைக்கிற கல், முறுக்கிப் பிழிவது மூன்றும் வேண்டாம். கொடியில் ஈரத்தோடு தொங்கவிட்டால் கனத்தில் இழுபடும், பாயில் பரப்பிக் காயவையுங்கள். உட்கார்ந்து எழுகிற இடத்தில் போடாமல் சோஃபாவின் சாய்மானத்தில் போட்டால் இன்னும் கொஞ்ச நாள் வரும்.

கேள்வி: அமெரிக்காவில் அக்கா வாங்கிய பழைய பருத்திக் கட்டில் விரிப்பையும் செனில் என்கிறாள். அதுவும் இப்படித்தானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை, அது வேறு கைவேலை! ஜார்ஜியா மாநிலத்து டால்டன் பக்கம் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் 1895இல் தொடங்கி வைத்தது. துணியில் தடித்த பருத்தி நூலைத் தைத்து, மேலே தெரியும் தையலை வெட்டிக் குஞ்சமாக்கி, பிறகு வெந்நீரில் போட்டு எடுப்பார்கள். துணி சுருங்கி குஞ்சத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஊரே அந்த வேலையில் இறங்கி, நெடுஞ்சாலை ஓரமாகக் கொடி கட்டித் தொங்கவிட்டு விற்றது. மயில் போட்ட விரிப்புகள் அவ்வளவு பிரபலம். பின்னால் அந்தக் குஞ்சவேலை இயந்திரத்துக்கு மாறி, டால்டன் தரைவிரிப்புத் தொழிலின் தலைநகரானது. பழைய விரிப்பில் ஏதாவது இழை நீண்டு நின்றால் இழுக்காதீர்கள், கத்தரியால் சமமாக வெட்டிவிடுங்கள்.

கேள்வி: குளியலறை வாசலுக்கு செனில் மிதியடி சரிப்படுமா?
– வாசகி, கரூர்

பதில்: தாராளமாக. விரல் விரலாக நிற்கிற மைக்ரோஃபைபர் ரகம் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அடியில் வழுக்காத ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது முக்கியம். அப்புறம், எல்லோரும் குளித்து முடித்ததும் எடுத்து வெயிலில் போடுங்கள், இல்லையென்றால் ஈரவாடை போகவே போகாது.