சமூக மென்பொருள் பாடம்: 'நான் கற்றது' கட்டுரை கருவிப் பட்டியலாகிவிட்டது

கருவிகளை விட்டுவிட்டு ஒரே ஒரு சம்பவத்தில் தொடங்குங்கள். சமூக மென்பொருள் (இணையத்தில் பலர் சேர்ந்து எழுதவும் பகிரவும் உதவும் கருவிகள்) பாடத்துக்கான கட்டுரையில் விக்கி (பலர் சேர்ந்து திருத்தும் வலைத்தளம்), வலைப்பதிவு, குறிச்சொல் (tag), ஆர்எஸ்எஸ் (தளங்களின் புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவரும் ஓடை) என்று இரண்டு பக்கம் எழுதியும் 'நான் கற்றது' எதுவும் வரவில்லை என்கிறீர்கள். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பீர்கள், அதுதான் காரணமாக இருக்கும்.

"1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கினார்" என்ற வரி யார் கட்டுரையிலும் உட்காரும். குழு விக்கியில் உங்கள் பத்தியை இன்னொருவர் மாற்றியபோது சட்டென்று பழையபடி மீட்டீர்களா, பேச்சுப் பக்கத்தில் (திருத்தங்களைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) காரணம் கேட்டீர்களா? அதற்கான பதில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நினைவில்லை என்றால்:

1. விக்கியின் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து உங்கள் திருத்தங்களைத் தேதி வரிசையில் பாருங்கள். முதலில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருப்பீர்கள். அடுத்தவர் பத்தியில் எந்த வாரம் கை வைத்தீர்கள்? அந்தத் தயக்கம் எப்படிப் போனது? கட்டுரை அங்கேதான் இருக்கிறது.

2. அப்புறம், பாடத்தைப் படிக்காதவரும் எழுதிவிடக்கூடிய வரிகளை அடித்துவிடுங்கள். (என் வரைவில் பாதிக்குமேல் போனது.)

மதிப்பெண் விதியில் எல்லாக் கருவிகளும் வர வேண்டும் என்று இருந்தால், சரி, அவற்றை ஒரு பத்தியில் முடியுங்கள். சக மாணவர்களின் பெயர் வேண்டாம்.